சில்லர் ஃப்ரீ வீட்டில் ஒரு களியல் பாட்டு

நான் செய்த இசையை முதன்முதலாக நாலு பேர் முன்னால் ஒலிக்கவிட்ட அன்று, விருந்துக்கு வந்த ஒருவர் எழுந்துபோய் ஸ்பீக்கரை சார்ஜில் போட்டார்.

ஷார்ஜா முவைலாவில் எங்கள் ஃப்ளாட். ஞாயிற்றுக்கிழமை மதியம். என் மனைவி ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அவளோடு ஒரே வார்டில் வேலை பார்ப்பவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் சாப்பிட வந்திருந்தார்கள். போனிலிருந்து சினிமாப் பாட்டுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் இரண்டுக்கு நடுவே என்னுடைய பாட்டை யாருக்கும் சொல்லாமல் செருகி வைத்திருந்தேன். "இது யாரு பாட்டு, நல்லாருக்கே" என்று யாராவது கேட்க வேண்டும், நான் கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டு பிறகு சொல்ல வேண்டும். இதுதான் திட்டம்.

என் பாட்டு வந்ததும் அறையில் சத்தம் படுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக் குளியலறையில் யாரோ பாடுவதுபோல இருந்தது. "சார்ஜ் போயிட்டு போல" என்று ஒருவர் வயரைத் தேடினார். இன்னொருவர் போனை எடுத்து வால்யூமை முழுக்க ஏற்றினார். அப்படியும் தேறவில்லை. அதற்குள் என் பாட்டு முடிந்து அடுத்த சினிமாப் பாட்டு அந்த முழு வால்யூமில் வெடித்ததில், சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அலறி எழுந்தது. எல்லாரும் குழந்தையைப் பார்த்தார்கள். என் மனைவி மட்டும் என்னைப் பார்த்தாள். அது யார் பாட்டு என்று அவளுக்குத் தெரியும். சிரிப்பை அடக்க முடியாமல் மீன் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் ஓடிவிட்டாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அன்றைக்கு ஸ்பீக்கர் மேல் என்று முடிவுசெய்தேன்.

நான் ஏசி சர்வீஸ் டெக்னீஷியன். காலையில் வேனில் ஏறி, வீடு வீடாகப் போய், குளிரவில்லை, சொட்டுகிறது, சத்தம் போடுகிறது என்கிற புகார்களைச் சரிசெய்து திரும்புகிறவன். ஊரில் மாதா கோயில் பாடற்குழுவில் கீபோர்டு வாசித்த பழக்கம் இருந்தது. இங்கே வந்தபின் லேப்டாப்பில் எலக்ட்ரானிக் இசை செய்யலாம் என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஆளே முரசடிக்கலாம், ஒரு ஆளே வயலின் கூட்டத்தை நிறுத்தலாம், யாரும் பயிற்சிக்கு வராமல் ஏமாற்ற மாட்டார்கள். மனைவி என் பிறந்தநாளுக்கு இரண்டு சின்ன ஸ்பீக்கர் வாங்கித் தந்தாள். படுக்கையறையில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரே நாலு அடியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு நான் திருத்திக்கொண்டிருக்க, அதையே கேட்டபடி அவள் துணி மடிப்பாள், அம்மாவோடு போனில் பேசுவாள், சில சமயம் தூங்கியும் போவாள். இதுவரை ஒருநாளும் நிறுத்துங்கள் என்று சொன்னதில்லை.

சார்ஜில் போட்ட சம்பவத்துக்குப் பிறகு, சத்தத்தைக் கூட்டுவது எப்படி என்று படிக்க ஆரம்பித்தேன். லிமிட்டர் என்று ஒன்று உண்டு. பாட்டு ஒரு கோட்டைத் தாண்டாமல் மேலிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கீழேயிருந்து நாம் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகலாம். வீடியோவில் வரும் பையன்கள் எல்லாரும் சிரித்த முகத்தோடு, குமிழைத் திருகுங்கள் என்கிறார்கள். நானும் திருகினேன். பாட்டுக்கு மூச்சு முட்டியது. கிக் என்கிற அந்தப் பெரிய அடி விழும்போதெல்லாம் மற்ற வாத்தியங்கள் பயந்து ஒளிந்துகொண்டன. அடி போனபிறகு எட்டிப் பார்த்தன. இத்தனைக்கும் சத்தம் கூடின பாடில்லை.

எனக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே இருந்ததில்லை. என் பாட்டில் பேஸ் போதாது. அடியில் உறுமுகிற அந்தக் கனத்த சத்தம் என் அறையில் எனக்கு எட்டவே எட்டாது. அதனால் அதைக் கூட்டுவேன். மறுநாள் கேட்டால் மறுபடியும் போதாது. மறுபடியும் கூட்டுவேன். பெரிய பெரிய ஆட்களின் பாட்டையும் அதே ஸ்பீக்கரில் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர்களுடையதில் பேஸ் இன்னும் குறைச்சலாக இருந்தது. உலகப் புகழ் பெற்றவர்களுக்கே இந்த வித்தை சரியாகப் பிடிபடவில்லையே என்று அவர்களுக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டேன்.

இந்த நிலையில்தான் மனைவி வாயைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

டிசம்பரில் அவர்கள் மருத்துவமனையின் ஆண்டு விழா. ஒவ்வொரு வார்டும் மேடையில் ஏதாவது செய்ய வேண்டும். மற்ற வார்டுகள் எல்லாம் சினிமாப் பாட்டுக்கு ஆட, இவள் மட்டும் களியல் ஆடலாம் என்று சொல்லியிருக்கிறாள். எங்கள் கடற்கரை ஊர்களில் கிறிஸ்துமஸ் சமயம் ஆண்கள் வட்டமாக நின்று கையில் கம்போடு ஆடுவார்களே, அதுதான். அதை நர்சுகள் ஆடுவது. அதுவும் நவீன இசைக்கு.

"பாட்டுக்கு எங்க போறது?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"பாட்டு எனக்க வீட்டுலயே செய்வாவ" என்று இவள் சொல்லிவிட்டாள்.

"ஏட்டி, என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" என்றேன்.

"கேட்டா மாட்டேம்பிய. அதான் கேக்கல."

பிறகு, காலுறையைக் கழற்றிக்கொண்டே, சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னாள்: "டூட்டில எல்லாரும் எனக்க மாப்பிள்ள இன்ஜினியரு, எனக்க மாப்பிள்ள பேங்குல இருக்காருன்னு சொல்லுவாவ. நான் இன்னைக்கிதான் எனக்க வீட்டுக்காரரு மியூசிக் போடுவாருன்னு சொன்னேன். சொல்லும்போ எனக்கு நல்லா இருந்துது, பாத்துக்கிடுங்க."

இதற்குமேல் நான் என்ன பேச முடியும்? அன்றைக்கே உட்கார்ந்து ஆரம்பித்தேன். பழைய களியல் மெட்டின் நடையை எடுத்துக்கொண்டேன். கம்போடு கம்பு மோதும் ஓசையைப் பதிவுசெய்ய இரண்டு பூரிக்கட்டைகள் உதவின. அவற்றுக்கு அடியில் கிக், அதற்கும் அடியில் என் பிரியமான பேஸ். உண்மையைச் சொன்னால் மெட்டு நன்றாகவே வந்திருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பாட்டை மனைவியின் போனுக்கு அனுப்பினேன். அவர்கள் பணி முடிந்தபின் மருத்துவமனையின் காலி அறை ஒன்றில் பயிற்சி செய்தார்கள். இரண்டாம் நாளே குழுவின் தலைவி எனக்குப் போன் செய்தார். கோட்டயத்துக்காரர், வார்டில் சீனியர், நல்ல மனுஷி.

"சேட்டா, பாட்டு நல்லதாணு. பக்ஷே, ஒண்ணும் கேக்குந்நில்ல."

"போனை சவுண்டா வைங்க சிஸ்டர்."

"ஃபுல்லா வெச்சாச்சு. அடி எங்க விழுதுன்னு தெரியல. இன்னைக்கு கூட ஆடுற ஒரு குட்டியோட விரல்ல கம்பு விழுந்து. நாங்க விரல் வெச்சல்லே ஜோலி செய்யுன்னது?"

விரலை வைத்துத்தான் வேலையே என்கிறார். ஊசி போடுகிற விரல்கள். எனக்குச் சங்கடமாகப் போயிற்று. அடுத்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் ஒரு சினிமாப் பாட்டை இறக்கி வைத்திருக்கிறோம், அதற்கே ஆடிவிடுகிறோம், சேட்டன் தப்பாக நினைக்கக் கூடாது என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார். அந்த மரியாதைதான் அதிகமாகக் குத்தியது.

அன்று மனைவி வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் பேசாமல் இருப்பது அபூர்வம். மியூசிக் போடுவாரு என்று சொன்னபோது இருந்த முகம் இப்போது இல்லை என்பதை நான் பார்த்தேன். எனக்குப் பாட்டு போனால்கூடப் பரவாயில்லை. அவள் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டி வருமே என்பதுதான் தாங்கவில்லை.

மறுநாள் பாட்டை எங்கள் சர்வீஸ் வேனில் போட்டுப் பார்த்தேன். வேன் ஓட்டுபவர் பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர். பாட்டு என்றால் உயிர், அதனால் சீட்டுக்கு அடியில் தன் ஆசைக்கு, பேஸுக்கென்றே ஒரு பெரிய வூஃபரை வைத்திருந்தார். பாட்டு ஆரம்பித்ததும் பக்கக் கதவு படபடவென்று அடித்துக்கொண்டது. டேஷ்போர்டில் இருந்த தஸ்பீஹ் மணிமாலை நழுவிக் கீழே விழுந்தது. அவர் தாடியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டார்.

"பாய், தர்வாஸா நாச் ரஹா ஹை. கானா கிதர் ஹை?" என்றார். கதவு ஆடுகிறது, பாட்டு எங்கே என்கிறார்.

வண்டி பழசு, கதவு லூஸ் என்று நான் பதில் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. கதவைப் போன மாதம்தான் மாற்றியிருந்தாராம்.

போனில் பேஸே இல்லை, வேனில் பேஸ் தவிர வேறில்லை, வீட்டில் எனக்குப் போதவில்லை. ஒரே பாட்டு மூன்று இடத்தில் மூன்று மாதிரி நடந்துகொண்டால் மனிதன் எதைத்தான் நம்புவது? குழம்பிப்போய் அன்றைய அடுத்த புகாருக்குப் போனேன்.

அது ஒரு வில்லா. கோயம்புத்தூர்க்காரக் குடும்பம். அந்த அம்மா வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவர். அவர் உட்காரும் அறையில் ஏசி சத்தம் போடுகிறதாம்.

உள்ளே போய்ப் பார்த்தேன். குளிர்ச்சி சரி, விசிறி சரி, எல்லாம் சரி. "மேடம், இது நார்மல் சத்தம்தான்" என்றேன். இந்த வாக்கியத்தை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

"ஏனுங்க, உங்களுக்கு நெசமாவே கேக்கலீங்களா?" என்றார் அவர். "மீட்டிங்ல எல்லாரும் ஃப்ளைட்ல இருக்கீங்களான்னு கேக்கறாங்க. உர்ருன்னு ஒரு உறுமல் அடியிலேயே ஓடிட்டு இருக்குதுங்க."

"இல்லியே மேடம்."

அவர் என்னோடு வாதாடவில்லை. எழுந்துபோய் சுவரிலிருந்த பட்டனை அழுத்தி ஏசியை நிறுத்தினார். விசிறி மெல்லச் சுற்றி அடங்கியது.

அறைக்குள் திடீரென்று எல்லாம் கேட்க ஆரம்பித்தது. அடுக்களையில் குக்கர். தெருவில் ஒருவர் போனில் அரபியில் சண்டைபோடுவது. என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் பேன்ட்டில் உரசுவது. அந்த உறுமல் போனபிறகுதான் அது அதுவரை இருந்ததே எனக்குத் தெரிந்தது. அடியில் கனமாக ஓடுகிற உறுமல். பேஸ் இருக்கிற அதே இடம்.

என் மேசை எங்கே இருக்கிறது என்பது அந்த நிமிஷம் என் கண்ணுக்குத் தெரிந்தது. கோடையில் லேப்டாப் கொதிக்கிறது என்று, ஏசி காற்று வரும் கிரில்லுக்கு நேர் கீழே அதை இழுத்துப் போட்டவன் நானேதான்.

எங்கள் ஃப்ளாட் சில்லர் ஃப்ரீ. ஏசிக்கான செலவு வாடகைக்குள்ளேயே அடக்கம் என்று அர்த்தம். அந்த வார்த்தையைப் பார்த்துத்தான் அஜ்மானில் பார்த்த வீட்டை விட்டுவிட்டு இங்கே வந்தோம். சில்லர் ஃப்ரீ வீட்டில் ஏசியை யாராவது அணைப்பார்களா? குடிவந்த நாளில் போட்டது. டூட்டிக்குப் போனாலும் ஓடும், லீவில் ஊருக்குப் போனாலும் ஓடும். குளிர்காலத்தில்கூட அதைப் போட்டுக்கொண்டு கம்பளி போர்த்திக்கொள்வோம். அந்த உறுமல் என் பாட்டின் பேஸை மூடிவிட, நான் அது கேட்கும்வரை கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்க வேண்டுமே என்று ஸ்பீக்கரை மெதுவாக வைத்தது வேறு. இத்தனை நாளும் நான் ஏசியோடு போட்டி போட்டு வாசித்திருக்கிறேன். நாள் முழுக்க ஊரார் வீட்டு ஏசி சத்தத்துக்குப் பதில் சொல்கிற நான்.

அந்த அம்மாவின் விசிறி மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். சத்தம் பாதியானது. மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் நார்மல் என்ற வார்த்தையை மறுபடி உச்சரிக்கவில்லை. வழக்கமாகத் திறக்காத பக்கத்து அறை ஏசியையும் திறந்து சுத்தம் செய்தேன். அவர் சந்தேகத்தோடு பார்த்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஏசியை நிறுத்தினேன். எங்கள் வீட்டு அமைதியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பாட்டை ஓடவிட்டேன்.

ஐயோ.

பேஸ் சேறு மாதிரி அறை முழுக்க நிரம்பியது. கிக் அதற்குள் மூழ்கிக் கிடந்தது. லிமிட்டர் பாவம், தன் பலம் முழுவதையும் அந்தச் சேற்றை அழுத்துவதிலேயே செலவழித்துக்கொண்டிருந்தது. மேலே இருந்த மெட்டுக்கும் கம்பு ஓசைக்கும் இடமே மிஞ்சவில்லை. போனின் சின்ன ஸ்பீக்கரால் அந்த உறுமலை எழுப்பவே முடியாது. அதை எடுத்துவிட்டால் என் பாட்டில் மீதி என்ன இருக்கிறது? சேட்டா, ஒண்ணும் கேக்குந்நில்ல.

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதலில் பேஸை இறக்கினேன். அத்தனை ஆசையாக ஏற்றிவைத்தது. பிறகு ஒவ்வொரு வாத்தியமாகத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். நாதஸ்வரம் மாதிரியான சிந்தஸைசரின் அடியில் உறுமல், கைதட்டலின் அடியில் உறுமல், பூரிக்கட்டைப் பதிவில்கூட எங்கள் ஏசி அழகாகப் பதிவாகியிருந்தது. எல்லாவற்றின் அடிப்பக்கத்தையும் வெட்டினேன். கிக் விழும் நேரத்தில் பேஸ் சற்று விலகி வழிவிடும்படி வைத்தேன். கம்பு மோதும் ஓசையை மட்டும் முன்னால் கொண்டுவந்தேன். கடைசியில் அந்த லிமிட்டர் குமிழைத் தயங்கித் தயங்கித் தொட்டேன். பாட்டு சிரமமே இல்லாமல் எழுந்து நின்றது. மூச்சு முட்டவில்லை. நான் எதையும் கூட்டவில்லை, குறைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அந்த நேரம் மனைவி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நவம்பர் என்றாலும் மூடிய வீடு, புழுக்கம். நான் வெற்றுடம்போடு வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏசி போயிட்டா? ஊருல உள்ள ஏசியெல்லாம் ரிப்பேர் பாக்குதிய, சொந்த வீட்டு ஏசிய இப்பிடிப் போட்டு வச்சிருக்கிய."

"போவல. அணச்சிருக்கேன்."

அவள் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். நர்ஸ் அல்லவா, முதலில் காய்ச்சலைத்தான் சந்தேகப்படுவாள்.

"போனக் கொடு" என்றேன். பாட்டை அவள் போனுக்கு அனுப்பி, அதிலேயே ஓடவிட்டேன். சீருடையோடு, தோளில் பையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் வலது கை தானாக எழுந்து, இல்லாத கம்பால் இல்லாத கம்பைத் தட்டியது. சரியாக அடி விழும் இடத்தில். பிறகு இடது கை. பை தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

"இப்பக் கேக்கு" என்றாள். "எங்க அடிக்கணும்னு இப்பத்தான் கேக்கு."

வியர்வையைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் அந்த நிமிஷமே கோட்டயத்து சிஸ்டருக்குப் பாட்டை அனுப்பினாள். பதிலுக்குக் கைதட்டும் படங்களும், காப்பாற்றப்பட்ட விரல்களின் படமும் வந்தன. சினிமாப் பாட்டைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

வேனிலும் போட்டுக் காட்டினேன். கதவு அசையவில்லை. பட்டாணியர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்து, சிக்னலில் நின்றதும், "அப் கானா ஹை" என்றார். இப்போது பாட்டு இருக்கிறதாம். அவர் கதவைப் பற்றி நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

விழா ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் நடந்தது. நான் பின்வரிசையில், ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். மேசையில் இருந்தவர் யாழ்ப்பாணத்துத் தம்பி. முந்தைய வார்டின் சினிமாப் பாட்டு முடிந்து, அடுத்ததாக என் மனைவியின் வார்டு என்று அறிவித்தார்கள்.

"அண்ணை, இது நீங்களே செய்த பாட்டோ?" என்று தம்பி கேட்டார்.

"ஆமா."

"அப்பிடியெண்டால் கொஞ்சம் கூட்டி வைக்கிறன். வீட்டில செய்யிற பாட்டெல்லாம் சத்தம் குறைவாத்தான் வரும்." அன்பாகத்தான் சொன்னார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தள்ளுகட்டையில் விரலை வைத்து மேலே ஏற்றினார்.

மேடையில் விளக்கு வந்தது. எட்டுப் பெண்கள், கையில் கம்பு. முன்வரிசையில் என் மனைவி, உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி. அவள் கண்ணில் நான் படவில்லை. சார்ஜ் வயரைத் தேடிப் போன அந்த மனிதர்கூட நாலாவது வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் அடி விழுந்தது. அரங்கத்தில் ஒரே சமயத்தில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. யாழ்ப்பாணத்துத் தம்பி திடுக்கிட்டு, ஏற்றிய கட்டையை அவசர அவசரமாகக் கீழே இறக்கினார். இறக்கி, என்னைத் திரும்பிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

என் பாட்டுக்காக ஒருவர் சத்தத்தைக் குறைத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மேடையில் எட்டுக் கம்புகளும் ஒரே ஓசையாக மோதின. யாருடைய விரலிலும் படவில்லை. மனைவி தலையை நிமிர்த்திச் சிரித்துக்கொண்டே ஆடினாள். ஆட்டம் முடிந்து கைதட்டல் எழுந்தபோது, கோட்டயத்து சிஸ்டர் மைக்கைப் பிடித்து, பாட்டு இவளுடைய வீட்டுக்காரர் செய்தது என்று என் மனைவியைக் கைகாட்டினார். அவள் முகத்தை நான் அப்படி அதுவரை பார்த்ததில்லை.

எங்கள் காரில் திரும்பும் வழியில் கம்புகளை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தாள். யார் என்ன சொன்னார்கள், யார் எந்த இடத்தில் தப்பாகச் சுற்றினார்கள், மற்ற வார்டுக்காரிகளின் முகம் எப்படிப் போயிற்று, எல்லாம். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"எல்லாம் நல்லா இருந்துது. ஆனா ஒண்ணு, ஒங்க பாட்டு கொஞ்சம் சத்தம் கூடிப்போச்சோ?"

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கையை நீட்டி ஏசியை அணைத்தேன்.

"ஏட்டி, இப்ப இன்னொருக்கா சொல்லு" என்றேன்.